15.8 வோல்ட்டில் தேறுவதும் தேறாததும்: பழைய கார் பேட்டரிக்கு சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0

பழைய கார் பேட்டரியை வீட்டிலேயே தேற்ற நினைப்பவர்கள் விசாரிக்கும் சார்ஜர்களில் சுவீடன் நிறுவனமான சிடெக்கின் எம்எக்ஸ்எஸ் 5.0 முன்வரிசையில் இருக்கிறது. 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகளுக்கானது. அதிகபட்சம் 5 ஆம்பியர் கொடுக்கும். 1.2 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) முதல் 110 ஏஎச் வரை சார்ஜ் செய்யும். எட்டுக் கட்டங்களாக வேலை பார்க்கும். அதில் ஒன்றுதான் எல்லாரும் இதை வாங்கக் காரணமான 'ரீகண்ட்', அதாவது உயர்ந்த வோல்டேஜில் பழைய பேட்டரியைத் தேற்றும் கட்டம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சார்ஜர் என்ற அளவில் இது முதல் தரம். ஆனால் இது 'உயிர்ப்பித்தது' என்று சொல்லப்படும் பேட்டரிகளில் பெரும்பாலானவை சாகவே இல்லை. குறைசார்ஜிலேயே மாதக்கணக்கில் ஓடியவை, ஆசிட் அடியில் தங்கிப்போனவை, லைட்டை அணைக்க மறந்து இரண்டு நாள் இறங்கிக் கிடந்தவை. அவற்றை இது அழகாக மீட்கும். பிளேட் உதிர்ந்ததையும் செல் ஷார்ட் ஆனதையும் இதுவும் மீட்காது, வேறெந்த சார்ஜரும் மீட்காது. ஆகவே உங்கள் பேட்டரி எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அதை இந்த சார்ஜர் உங்களுக்குச் சொல்லாது. ஒரு மல்டிமீட்டரும், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டரும்தான் சொல்லும்.

சார்ஜரை மாட்டுவதற்கு முன்

பெட்டி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, டெர்மினல் ஆடினாலோ, உள்ளே உறைந்திருந்தாலோ அந்தப் பேட்டரியைத் தொடவே வேண்டாம். மற்றவற்றைக் காரிலிருந்து கழற்றி வெளியே எடுங்கள். நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. வண்டியில் இருக்கும்போதே சாதாரண சார்ஜ் போடலாம். ஆனால் ரீகண்ட் ஓடும்போது டெர்மினலில் 15.8 வோல்ட் வரை நிற்கும். காரின் மின்னணுப் பெட்டிகளுக்கு அதைக் காட்டி அழகு பார்க்கத் தேவையில்லை.

மூடிகளைக் கழற்றித் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று எழுதிய சிலவற்றிலும் மேல் ஸ்டிக்கரை உரித்தால் அடியில் ஆறு மூடி இருக்கும். பிளேட் வெளியே தெரிந்தால், அது நனைந்து மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். பிளேட்டுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் என்ற முழு மட்டத்துக்கு நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜ் ஏறும்போது மட்டமும் ஏறும். முதலிலேயே நிரப்பினால் ஆசிட் வழிந்து பேட்டரி உட்காரும் தட்டை அரிக்கும், வழிந்த ஆசிட்டும் திரும்பி வராது. குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் இரண்டும் வேண்டாம். குளோரைடும் இரும்பும் உள்ளே போனால் வெளியே எடுக்க வழியில்லை.

ஆசிட் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட ஆசிட்டின் அடர்த்தி) குறைந்திருப்பதற்குக் காரணம் ஆசிட் தொலைந்தது அல்ல, அது ஈயச் சல்பேட்டாகப் பிளேட்டில் ஒட்டியிருப்பது. பிளேட் தேறினால் அந்த ஆசிட் திரும்பிவரும். நடுவில் நீங்கள் வேறு ஊற்றியிருந்தால் கலவை அளவுக்கு மீறிக் கடுமையாகி, பாசிட்டிவ் பிளேட்டைத் தாங்கும் ஈயச் சட்டமான கிரிட்டைத் தின்னும்.

இப்போது வோல்டேஜ். சார்ஜிலிருந்தும் லோடிலிருந்தும் கழற்றி 12 மணி நேரமாவது ஓய்ந்த பேட்டரியில் 12.6க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். சார்ஜ் ஏற்றி ஓய்வு கொடுத்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். ஆறு செல்லில் ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். ஒன்று செத்தால் கணக்கு நேராக அங்கேதான் வரும். அதற்கு மேல் செலவிடும் நேரம் வீண்.

எட்டுக் கட்டங்களில் என்ன நடக்கிறது

முதல் கட்டம் துடிப்பு மின்சாரம். சல்பேட் படிந்த பிளேட்டைத் தட்டி எழுப்ப, எட்டு மணி நேரம் வரை போகும். இரண்டாவது, பேட்டரி சார்ஜை வாங்குகிறதா என்று மெல்ல ஏற்றிப் பார்ப்பது. மூன்றாவதில் 14.4 வோல்ட் வரும்வரை 5 ஆம்பியர். நான்காவதில் வோல்டேஜ் 14.4லேயே நிற்க, கரண்ட் படிப்படியாக இறங்கும். ஐந்தாவது சோதனை: சார்ஜை நிறுத்திவிட்டு மூன்று நிமிடம் வோல்டேஜ் விழுகிறதா என்று பார்க்கும். ஆறாவது ரீகண்ட், நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும். ஏழாவது 13.6 வோல்ட்டில் பத்து நாள் வரை பராமரிப்பு. எட்டாவதில் அவ்வப்போது விழித்துத் துளி சார்ஜ் கொடுத்து 95க்கும் 100 சதவீதத்துக்கும் இடையில் வைத்திருக்கும்.

நிலைகள் நான்கு. மோட்டார் சைக்கிள் படம் 0.8 ஆம்பியர், 14 ஏஎச்சுக்குக் கீழானவற்றுக்கு. கார் படம் 14.4 வோல்ட், 5 ஆம்பியர். பனித்துளிப் படம் 14.7 வோல்ட், குளிரான இடத்துக்கும் பெரும்பாலான ஏஜிஎம் (கண்ணாடியிழைப் பாயில் ஆசிட் ஊறிய வகை) பேட்டரிகளுக்கும். நான்காவது ரீகண்ட்: 15.8 வோல்ட், 1.5 ஆம்பியர், பேட்டரியின் நிலையைப் பொறுத்து அரை மணி நேரமோ நான்கு மணி நேரமோ.

துடிப்புக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவது இதுதான், ஆனால் உழைப்பில் பெரிய பங்கு இதனுடையது அல்ல. புதிதாகப் படிந்த மெல்லிய சல்பேட் எந்த ஒழுங்கான முழு சார்ஜிலும் கரையும். மாதக்கணக்கில் இறுகிப் பெரிய படிகமான சல்பேட் எட்டு மணி நேரத் துடிப்புக்கெல்லாம் மசியாது. அதற்குத் தேவை குறைந்த கரண்ட், உயர்ந்த வோல்டேஜ், நிறைய நேரம். அதில் பாதியை ரீகண்ட் தருகிறது.

ரீகண்ட் சரியாக என்ன செய்கிறது

ஒரு லெட்-ஆசிட் செல் ஏறத்தாழ 2.4 வோல்ட்டில், அதாவது பேட்டரி 14.4 வோல்ட்டில், குமிழ் விடத் தொடங்கும். 15.8க்குப் போனால் நன்றாகக் கொதிப்பது போல் குமிழ் எழும். சூட்டினால் அல்ல, தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதால். இந்தக் குமிழ்தான் மருந்து. சார்ஜ் ஏறும்போது பிளேட்டிலிருந்து வெளியேறும் கனமான ஆசிட், கலக்காத டம்ளரில் சர்க்கரை அடியில் தங்குவது போலத் தங்கிவிடும். மேலே நீர்த்த ஆசிட், கீழே கடும் ஆசிட். மேல்பாதி பிளேட் வேலை செய்யாது, கீழ்பாதி அரிபட்டு சல்பேட் பிடிக்கும். கால்சியம் கலந்த ஈயத் தட்டு கொண்ட இன்றைய பேட்டரிகளில் இது அதிகம். அவை எளிதில் குமிழ் விடாது, ஆகவே தானாகக் கலக்கவும் செய்யாது.

இதைக் கையோடு கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. ஓய்ந்த செல்லின் வோல்டேஜ் அதன் கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் வருவது. கிராவிட்டி 1.260 என்றால் 2.10, ஆறால் பெருக்கினால் 12.6. இப்போது உங்கள் மீட்டர் 12.6 காட்டுகிறது, ஆனால் மேலிருந்து உறிஞ்சிய ஆசிட்டில் ஹைட்ரோமீட்டர் 1.200 மட்டும் காட்டுகிறது என்று வையுங்கள். 1.200க்கு வரவேண்டியது 12.24 தானே? மீட்டர் அடியிலுள்ள கடும் ஆசிட்டைப் பார்க்கிறது, ஹைட்ரோமீட்டர் மேலே உள்ள நீர்த்ததைப் பார்க்கிறது. அதாவது ஆசிட் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. ரீகண்ட் பொத்தானை அழுத்த இதைவிட நல்ல சமயம் கிடையாது. இந்த நிலையிலுள்ள பேட்டரியில் ஒரே சுற்றில் பலன் தெரியும்.

'ரீகண்ட் போட்டால் தண்ணீர் வற்றிவிடும்' என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டால் பயம் அடங்கும். ஓர் ஆம்பியர்-மணி மிகைசார்ஜ் ஒரு செல்லில் 0.336 கிராம் தண்ணீரைப் பிரிக்கும். 1.5 ஆம்பியரில் நான்கு மணி நேரம் என்றால் 6 ஆம்பியர்-மணி. முழுவதும் குமிழுக்கே போனாலும் செல்லுக்கு 2 கிராம், ஆறு செல்லுக்கும் சேர்த்து 12 கிராம். ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. வருடத்துக்கு ஒரு முறையும், அடிவரை இறங்கிய பிறகு ஒரு முறையும் போடுவதில் ஒன்றும் ஆகாது. வாரா வாரம் போட்டால்தான் தண்ணீரும் போகும், பாசிட்டிவ் கிரிட்டும் அரிபடும். மூடி திறக்க முடியாத பேட்டரியில் போன தண்ணீரை நிரப்ப வழி இல்லை, அங்கே இன்னும் கஞ்சத்தனம் வேண்டும். ஏஜிஎம்முக்கும், ஆசிட் களியாக உள்ள ஜெல் பேட்டரிக்கும் ரீகண்ட் கூடாது. அவற்றில் குமிழால் கலக்கத் திரவ ஆசிட்டே இல்லை, உள்ளே வறண்டுபோவது மட்டுமே மிச்சம்.

ஒரு சின்னக் கண்ணி: இந்த சார்ஜர் கடைசியாகத் தேர்ந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய பேட்டரிக்கு ரீகண்ட் போட்டுவிட்டு, அடுத்த மாதம் நல்ல காரில் மாட்டினால் அது ரீகண்டிலேயே தொடங்கும். மாட்டியதும் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டே நகருங்கள்.

எங்கே சறுக்குகிறது

முதல் சறுக்கல், 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜர் பேட்டரியைக் கண்டுகொள்ளாது. தீப்பொறி வராமலும் தவறி ஷார்ட் ஆகாமலும் காக்கும் ஏற்பாடு இது, குறை சொல்ல முடியாது. ஆனால் தேற்ற வேண்டிய பேட்டரிகளில் சில அந்த ஆழத்தில்தான் கிடக்கும்.

அதற்கு வழி: ஒரு நல்ல 12 வோல்ட் பேட்டரியும் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பும். நெகட்டிவுக்கு நெகட்டிவ் நேராக. நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்பு வழியாக செத்ததன் பாசிட்டிவுக்கு. பல்பு இடையில் இருப்பதால் கரண்ட் ஏறத்தாழ நாலரை ஆம்பியருக்குள் அடங்கும். பல்பு இல்லாமல் நேராக இணைத்தால் வயர் சூடாகி உருகலாம். கடைசி இணைப்பைப் பேட்டரியின் மேல் செய்யாமல் பல்பு முனையில் செய்யுங்கள், பொறி அங்கே தெறிக்கட்டும். அரை மணி நேரத்தில் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து வோல்டேஜ் பாருங்கள். 2க்கு மேல் நின்றால் சார்ஜரை மாட்டலாம். மளமளவென்று திரும்ப விழுந்தால் உள்ளே ஷார்ட். வாரக்கணக்கில் பூஜ்யத்தில் கிடந்த பேட்டரியில் ஆசிட் கிட்டத்தட்டத் தண்ணீராகியிருக்கும். அதில் ஈயச் சல்பேட் அதிகம் கரைந்து, சார்ஜ் ஏற்றும்போது பிரிப்பான்களின் துளைகளுக்குள் ஈய இழையாகப் படிந்து பிளேட்டுகளை இணைத்துவிடும். அப்படிப்பட்ட ஷார்ட்டைப் போக்க மருந்து இல்லை.

இரண்டாவது சறுக்கல்தான் பெரியது. சல்பேட் இறுகிய பேட்டரியின் உள்தடை அதிகம். 5 ஆம்பியர் கொடுத்தவுடன் சில நிமிடங்களிலேயே வோல்டேஜ் 14.4க்குப் பாய்ந்துவிடும். கரண்ட் சரிந்துவிடும். சார்ஜர் 'நிறைந்துவிட்டது' என்று எண்ணி அடுத்தடுத்த கட்டங்களுக்கு நகர்ந்து, பச்சை விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். உள்ளே போனதோ இரண்டு மூன்று ஆம்பியர்-மணிதான். 60 ஏஎச் பேட்டரி 12.0 வோல்ட்டிலிருந்து தொடங்கி இரண்டு மணி நேரத்தில் பச்சை காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். கால் பங்கு மட்டும் இருந்த 60 ஏஎச் பேட்டரிக்கு 45 ஆம்பியர்-மணி ஏற வேண்டும். 5 ஆம்பியரில் அது ஒன்பது மணி நேரத்துக்குக் குறைந்து முடியவே முடியாது.

அப்படிச் சீக்கிரம் முடிந்தால், சார்ஜரை எடுத்து, ஒரு 21 வாட் பல்பைப் பேட்டரியில் போட்டு வோல்டேஜ் 12க்கு வரும்வரை இறக்கி, மறுபடி ரீகண்டோடு மாட்டுங்கள். இரண்டாவது சுற்று முதலாவதைவிட நீண்ட நேரம் எடுத்தால் பேட்டரி தேறுகிறது. மூன்றாவது சுற்றும் இரண்டாவதும் ஒரே அளவாக இருந்தால் அதன் எல்லை அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இந்த சார்ஜரைவிட வோல்டேஜும் கரண்டும் திருகி வைக்கக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளை மேல். 60 ஏஎச் பேட்டரிக்கு 16 வோல்ட், 1 ஆம்பியர் என்று எல்லை வைத்து விடுங்கள். தொடக்கத்தில் வோல்டேஜ் 16ஐ முட்டி, கரண்ட் 0.1 அல்லது 0.2 என்று மட்டும் ஓடும். சில மணி நேரத்தில், சில சமயம் ஒரு நாளில், கரண்ட் மெல்ல ஏறி 1 ஆம்பியரைத் தொடும். பிறகு வோல்டேஜ் 13 பக்கம் சரியும். படிகம் உடைந்து பிளேட் சார்ஜை வாங்கத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். அதன்பின் சாதாரண சார்ஜ் போல ஏறிவந்து மறுபடி 15.5, 16 என்று நிற்கும். மணிக்கு ஒரு முறை கிராவிட்டி பார்த்து, தொடர்ந்து மூன்று முறை எல்லா செல்லிலும் மாறாமல் இருந்தால் நிறுத்தலாம். பெட்டி 50 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும். இதில் குறை ஒன்றுதான்: பவர் சப்ளைக்கு மூளை கிடையாது, நீங்கள்தான் பக்கத்தில் இருக்க வேண்டும். எம்எக்ஸ்எஸ் 5.0ஐ மாட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். பவர் சப்ளையை அப்படி விட முடியாது.

மூன்றாவது, இதில் எண் காட்டும் திரை இல்லை. விளக்குகள் மட்டும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், மொத்தம் எவ்வளவு ஏறியது, எதுவும் தெரியாது. பராமரிப்புக்கு அது போதும், தேற்றும் வேலைக்குப் போதாது. ஐந்தாவது கட்டத்தின் மூன்று நிமிடச் சோதனையும் கெட்டதைக் கெட்டது என்று சொல்லும், ஆனால் நல்லதை நல்லது என்று உறுதி சொல்லாது. அங்கே பிழை விளக்கு எரிந்தால் பேட்டரி சார்ஜைத் தாங்கவில்லை என்பது உண்மை. எரியாவிட்டால், 60 ஏஎச் பேட்டரியில் 20 ஏஎச் மட்டுமே மிஞ்சியிருந்தாலும் சோதனையைத் தாண்டிவிடும். மூன்று நிமிடம் சும்மா இருப்பது எந்தப் பேட்டரிக்கும் பெரிய காரியமில்லை.

ஹைட்ரோமீட்டர்

சார்ஜரோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள் இது. பந்து மிதக்கும் மலிவு வகை வேண்டாம். கண்ணாடிக் குழாயில் எண் எழுதிய மிதவை உள்ளதாக வாங்குங்கள். குழாயை நிமிர்த்திப் பிடித்து, மிதவை சுவரில் ஒட்டாமல் சுதந்திரமாக நிற்கிறதா என்று விரலால் இரண்டு தட்டுத் தட்டி, திரவ மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். மிதவையில் ஒட்டிய ஒரு குமிழே அதைத் தூக்கி எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். எடுத்த ஆசிட்டை அதே செல்லில் விட வேண்டும், பக்கத்துச் செல்லில் அல்ல. தண்ணீர் ஊற்றிய உடனே படித்தால் அது மேலே நிற்கும் தண்ணீரின் கிராவிட்டி. சார்ஜ் ஏறிக் குமிழ் கலக்கிய பிறகு படியுங்கள்.

25 டிகிரியில் முழு சார்ஜுக்கு 1.265 முதல் 1.280. பாதிக்கு 1.190. முழுக்க இறங்கியதற்கு 1.120. 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் படித்த எண்ணோடு 0.0007 கூட்டவும், கீழே என்றால் கழிக்கவும். ஆசிட் 40 டிகிரியில் இருக்கும்போது படித்த 1.255 உண்மையில் 1.265. இந்தத் திருத்தம் தெரியாமல் நல்ல பேட்டரியைத் தூக்கி எறிபவர்கள் உண்டு.

தனித்தனி எண்களைவிட ஆறுக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். ஐந்து செல் 1.260, ஒன்று மட்டும் 1.200 என்றால் அந்த ஒன்று நோயாளி. ரீகண்ட் இரண்டு முறை போட்டும் இடைவெளி 0.050க்குள் வரவில்லையென்றால் விட்டுவிடலாம். ஆறும் ஒரே சீராக 1.210 என்று இருந்தால் அது நல்ல செய்தி. குறைசார்ஜோ சல்பேட்டோ, இரண்டுக்கும் வழி உண்டு. குழாயில் ஏறும் ஆசிட் தெளிவாக இல்லாமல் பழுப்பாகக் கலங்கி வந்தால் பாசிட்டிவ் பிளேட்டின் பொருள் உதிர்கிறது. அது போனது போனதுதான். மூடிய பேட்டரிகளின் மேல் உள்ள பச்சைக் கண்ணை நம்புகிறவர்களுக்கு: அது ஒரே ஒரு செல்லை மட்டும் பார்க்கும் சின்ன ஹைட்ரோமீட்டர். மற்ற ஐந்தும் அதற்குத் தெரியாது.

தேறியதா என்று அளப்பது

12.7 வோல்ட் என்பது சான்றிதழ் அல்ல. பேட்டரியின் கொள்ளளவை அளக்க 20 மணி நேரக் கணக்கில் இறக்கிப் பார்க்க வேண்டும். 60 ஏஎச் என்றால் 3 ஆம்பியர். 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டைப் பக்க இணைப்பில் (பேரலலாக) மாட்டினால் மூன்றரை ஆம்பியர் இழுக்கும், அது போதும். உண்மையான கரண்டை மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் ஒரு முறை அளந்து குறித்துக்கொண்டு, வயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனையையும் தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போகும். பல்புகள் சூடாகும், பிளாஸ்டிக் பக்கம் வைக்காதீர்கள்.

வோல்டேஜ் 10.5ஐத் தொட்டதும் கழற்றி, எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். மூன்றரை ஆம்பியரில் 12 மணி நேரம் என்றால் 42 ஏஎச், எழுதியதில் 70 சதவீதம். தாராளமாகக் காரில் போடலாம். 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் காருக்கு வேண்டாம். எல்இடி விளக்கு மாதிரிச் சின்ன வேலைக்கு மட்டும். சோதனை முடிந்த கையோடு சார்ஜ் போட வேண்டும். இறங்கிய பேட்டரியை மறுநாள் பார்க்கலாம் என்று வைப்பதுதான் சல்பேட்டுக்கு நாம் போடும் விதை.

கொள்ளளவு மட்டும் போதாது, கிராங்கிங்கும், அதாவது எஞ்சினைச் சுழற்றும் பலமும், வேண்டும். லோடு டெஸ்டர் கிடைத்தால் பேட்டரியில் எழுதிய சிசிஏ (குளிரில் எஞ்சினைச் சுழற்றத் தரும் ஆம்பியர்) எண்ணில் பாதியை 15 நொடி இழுத்துப் பாருங்கள், 21 டிகிரி வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. இல்லாவிட்டால் காரில் மாட்டி, ஒருவர் ஸ்டார்ட் செய்ய இன்னொருவர் டெர்மினலில் மீட்டரைப் பிடித்தாலே போதும். சுழலும்போது 10க்கு மேல் நின்றால் நல்லது. 9க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மட்டும் குற்றம் சொல்வதற்கு முன் டெர்மினலில் பூத்த வெள்ளைத் தூளைச் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

எப்சம் உப்பு, 'பவுடர்', மற்ற மாயங்கள்

சார்ஜருக்குப் பதில் இவற்றை வாங்கலாமா என்றால் வேண்டாம். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். ஏற்கெனவே சல்பேட் நிறைந்த கரைசலில் இன்னும் சல்பேட்டைக் கொட்டினால் ஈயச் சல்பேட் கரைவது குறையுமே தவிர கூடாது. பலன் தெரிவது போல் இருப்பதற்குக் காரணம் உண்டு. உப்பு சேர்ந்ததும் திரவம் கனத்து ஹைட்ரோமீட்டர் கூடுதலாகக் காட்டும். அதோடு, உப்பைப் போட்டவர் எப்படியும் இரண்டு நாள் மெதுவாக சார்ஜும் போட்டிருப்பார். தேற்றியது அந்த சார்ஜ், புகழ் உப்புக்கு. ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கலந்த பவுடர்கள் சல்பேட்டைக் கரைக்கும், உண்மைதான். ஈயத்தோடு பிணைவதுதான் அதன் இயல்பு, சல்பேட் என்றும் பிளேட் என்றும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. பழைய ஆசிட்டைக் கவிழ்த்துப் புது ஆசிட் ஊற்றும் முறை இன்னும் மோசம். அடியில் தங்கியிருந்த சகதி கலைந்து பிளேட்டுகளுக்கு இடையே போய் ஷார்ட் ஆகும். கொட்டிய ஆசிட்டில் ஈயமும் இருக்கும், அதை எங்கே கொட்டுவது?

சமையல் சோடாவுக்கு ஒரு நல்ல வேலை உண்டு: வெளியே சிந்திய ஆசிட்டை அணைக்க. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கரைத்துப் பக்கத்தில் வைத்திருங்கள். ஊற்றி, நுரை நின்ற பிறகு கழுவலாம். ஒரு துளியும் செல்லுக்குள் போகக் கூடாது, மூடிகள் இறுக்கியிருக்க வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். ஆசிட் கண்ணில் பட்டால் சோடா அல்ல, வெறும் தண்ணீர், குறைந்தது 15 நிமிடம், பிறகு நேராக மருத்துவரிடம்.

ரீகண்ட் ஓடும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே பற்றும். கிளிப்பைக் கழற்றும் முன் சார்ஜரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குமிழ் அடங்கச் சற்று நேரம் விடுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் எந்தக் கட்டமாக இருந்தாலும் அப்போதே நிறுத்த வேண்டும்.

வாங்கலாமா?

கார் அதிகம் ஓடாமல் நிற்கிறது, பேட்டரி மூன்று நான்கு வருடத்துக்குள், அடிக்கடி குறுகிய தூரம் மட்டும் ஓட்டம் என்றால் எம்எக்ஸ்எஸ் 5.0 வாங்குங்கள். இதன் பலமே தேற்றுவதைவிடக் கெடாமல் காப்பதில்தான். வளைய முனை வயரை டெர்மினலில் நிரந்தரமாக மாட்டி வைத்தால் செருகுவதற்கு ஐந்து நொடி. தூசிக்கும் நீர்த்தெறிப்புக்கும் தாங்கும்படி ஐபி65 தரத்தில் மூடியது, ஈரமான கொட்டகையிலும் ஓடும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றி மாட்டினாலும் விளக்கு எரிந்து எச்சரிக்குமே தவிர எதுவும் எரியாது.

ஒரே ஒரு ஏழு வருடப் பழைய பேட்டரியைத் தேற்றிப் பார்க்கத்தான் என்றால் வாங்காதீர்கள். அந்த வயதில் சல்பேட்டைவிடக் கிரிட் அரிப்பே பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பேட்டரிகளைத் தொடர்ந்து தேற்றும் ஆர்வம் இருந்தால் பெஞ்ச் பவர் சப்ளையும் நல்ல ஹைட்ரோமீட்டரும்தான் சரியான கருவி. 100 ஏஎச்சுக்கு மேற்பட்ட பெரிய டீசல் பேட்டரிகளுக்கு இதன் 5 ஆம்பியர் மெதுவாக இருக்கும், 1.5 ஆம்பியர் ரீகண்ட் ஆசிட்டை முழுக்கக் கலக்கவும் போதாமல் போகும்.

தேறிய பேட்டரியைத் திரும்ப மாட்டும் முன் கார் பக்கமும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது டெர்மினலில் 13.8க்கும் 14.7க்கும் இடையில் இல்லையென்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கலாம். பிறகு எல்லாம் அணைத்து, கதவுகளைப் பூட்டி, கார் முழுக்கத் தூங்கும் வரை அரை மணி நேரம் விட்டு, நெகட்டிவ் வயரோடு தொடராக மீட்டரைப் போட்டு எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் வரை பொறுக்கலாம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 40 ஏஎச்சுக்குத் தேறிய பேட்டரி 17 நாளில் பாதியாகும். ஏதோ ஒரு ரிலே ஒட்டிக்கொண்டு 500 மில்லி ஆம்பியர் கசிந்தால் இரண்டே நாளில் அதே கதை. அந்தக் காரில் புதுப் பேட்டரி போட்டாலும் அடுத்த வாரம் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதில் கசிவு விழுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.